நாலு மூலை

வெள்ளை வேண்டாம் எண்டு நான் சொன்னது
ராசிக்காக இல்லை.
அரியாலைக் கிணத்திலை வெள்ளை
மூண்டு மாதம்தான் வெள்ளை.
பிறகு ஆறின பிளேன்ரீ.
சவர் தண்ணிக்கும் சவர்க்காரத்துக்கும்
பேரிலை மட்டும்தான் உறவு.
எவ்வளவு உரஞ்சினாலும் நுரை வராது,
சுண்ணாம்பு வந்து நூலுக்குள்ளை குந்தும்.
கேதீஸ் கேக்கேல்லை.
ஹோட்டல் எண்டால் வெள்ளைதானாம்.

ஹோட்டலோ இது?
மாடியிலை ஓர் அறை, ஒரு ஏசி,
செருப்பைக் கழட்டச் சொல்லிப்
படியடியிலை ஒரு மட்டை.

பெரிய கடையிலை அந்தப் பிள்ளை
போர்வை உறையை உதறி விரிச்சாள்.
மேசை காணாமல் போச்சு.
நூல் முந்நூறாம்.
ஆர் எண்ணினது?
நான் கையை உள்ளுக்கு விட்டு
விரல் தெரியுதோ எண்டு பார்த்தன்.
தெரியாட்டில் நல்லது.
ஒரு கொஞ்சம் தெரிஞ்சால் இன்னும் நல்லது,
மழைக்கு முதல் காஞ்சிடும்.
சிப் வேண்டாம், கடல் காத்துக்குத் துரு ஏறும்.
தெறி வைச்சதாய் எடு.
உள்மூலையிலை நாடா இருக்கோ?
நாடா எண்டால் அறுநூறு ரூபா கூட.
"அதை ஆர் பாக்கப் போகினம்?" எண்டார் இவர்.
ஒருத்தரும் பாக்காததுதான்
இரவு முழுக்கப் பஞ்சைப் பிடிச்சு வைச்சிருக்கும்.
சொன்னன்.
நாடா இல்லாத வெள்ளை வாங்கிக்கொண்டு வந்தம்.

சித்திரை வெக்கையிலை சூரிச்சாலை வந்தவை
ஏசியைப் பதினாறிலை விட்டிட்டு
பஞ்சுப் போர்வையை மூக்குவரை இழுத்துப் படுத்தினம்.
கரண்ட் பில் வந்தண்டு
எனக்குத்தான் வேர்த்தது.

கழட்டிக் குடைஞ்சால் உள்ளுக்கு
எப்பிடியோ போன ஒற்றைச் சொக்ஸ்.
ஒருக்கால் பல்லுக்குத்தி.
ஒருக்கால் ஒரு தோடு,
அதைத் தபாலிலை அனுப்பினன்.
கண்மைக் கறையிலை ரெண்டு சாதி:
நித்திரையிலை தேய்ச்சது நீளமாய் இருக்கும்,
அழுதது வட்டமாய் இருக்கும்.
ரெண்டுக்கும் தேசிக்காய்தான்.
முதல் பச்சைத்தண்ணி;
சுடுதண்ணி ஊத்தினால் கறை உறுதி எழுதிக் குடியிருக்கும்.
உள்பக்கம் வெளியாலை திருப்பித்
தெறியைப் பூட்டிப் போடவேணும் மெசினுக்கு.
பூட்டாட்டில் துவாய், தலையணை உறை
எல்லாத்தையும் விழுங்கிப்போட்டு
கர்ப்பிணி மாதிரிக் கிடக்கும்.
கொடியிலை வாய் கீழை பார்க்க.
சோளகம் உள்ளுக்குப் புகுந்தால்
மதிலுக்கு அங்காலை நாய் குரைக்கும்.

இந்த ஆடியிலை நாங்கள்
ஒன்பது நாள் கதைக்கேல்லை.
அவற்றை தம்பிக்குக் குடுத்த காசு.
ஒன்பதாம் நாள் ரெண்டு மணிக்கு ஆக்கள் வருகினம்.
உறை போட ரெண்டுபேர் வேணும்.
நான் கூப்பிடேல்லை.

பஞ்சின்ரை ரெண்டு காதையும் பிடிச்சுக்கொண்டு
குனிஞ்சு உறைக்குள்ளை போனன்.
வெய்யில் மணம்.
ஏசி எங்கையோ தூரத்திலை உறுமுது.
தலைக்கு மேலை பிளேன்ரீ நிறத்திலை
ஒரு சின்ன வானம்.
ஆரும் தேடி வராத இடம்.
கொஞ்சம் நிண்டன். கொஞ்சம் எண்டு நினைச்சன்.
மூலை எந்தப் பக்கம் எண்டதே மறந்துபோச்சு.

படியிலை செருப்புச் சத்தம்.
மட்டையை எழுதினவரே கழட்டுறேல்லை.
வாசலிலை நிண்டுது.
கால் முளைச்ச படங்கு ஒண்டைக் கண்டிருப்பார்.
பிறகு துணிக்கு வெளியாலை ஒரு கை
தடவித் தடவி வந்து
என்ரை கையைப் பஞ்சோடை சேர்த்துப் பிடிச்சது.

"இது மூலையோ?"

"இல்லை. அது நான்."

"அப்ப மூலை எங்கை?"

நான் சிரிக்கேல்லை.
சிரிச்சிருந்தாலும் துணிக்குள்ளை,
அது கணக்கிலை வராது.

மூண்டு மூலை சரியாய் வந்தது.
கால்மாட்டிலை இடப்பக்கம் வெறும் துணிதான் எண்டு
விடிய வந்து சொல்லிச்சினம்.
ஓம் எண்டன்.

தம்பியின்ரை காசு இன்னும் வரேல்லை.
இண்டைக்குக் காலமை இவர்
ஒரு சோடி சப்பாத்து நாடாவை
குசினி மேசையிலை வைச்சார்.
கறுப்பு நாடா, வெள்ளை உறைக்கு.
நான் பார்த்த பார்வைக்கு,
"உள்பக்கம்தானே," எண்டார்,
"ஆர் பாக்கப் போகினம்?"